கட்டிங் மெஷினைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு தொகை கையில் இருக்கிறது. வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கிராஃப்ட் கட்டிங் மெஷின் வாங்கி, ஸ்டிக்கர், வாழ்த்து அட்டை, டி-ஷர்ட்டில் பெயர் ஒட்டுவது என்று ஏதாவது செய்து விற்கலாமா என்று யோசிக்கிறேன். இந்த மெஷினை இதுவரை தொட்டதுகூட இல்லை. பெரிய மாடலோடு நாற்பது நிற வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்), பேனா, கருவிகள் எல்லாம் சேர்த்து காம்போவாகத் தருகிறார்கள். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டு மீதியைத் தவணையில் செலுத்தலாமாம். தெரிந்தவர் ஒருவர் தன் பழைய மெஷினைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொல்கிறார். எதை வாங்குவது? போட்ட பணம் எப்போது திரும்பும்?

பதில்: மெஷின் வாங்குங்கள். தவணையும் காம்போவும் வேண்டாம்.

சேமிப்பு முழுவதும் முன்பணமாகப் போய்விட்டால், மெஷின் வீட்டுக்கு வந்த மறுவாரமே உங்களுக்குப் பணம் தேவைப்படும். செலவு மெஷினோடு நிற்பதில்லை. பிளேடு மழுங்கும், தாளை ஒட்டி வைத்து வெட்டும் பசைப் பலகையான மேட்டின் பசை போகும், வினைல் தீரும், முதல் மாதத்தில் பாதிப் பொருள் கற்றுக்கொள்வதிலேயே வீணாகும். அந்த நேரத்தில் வருமானம் வந்திருக்காது, தவணைத் தேதி மட்டும் வந்துவிடும். எனவே கையிலிருக்கும் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், மெஷினுக்கு 50-க்கு மேல் போகக் கூடாது. பொருட்களுக்கு 25. மீதி 25-ஐ மூன்று மாதத்துக்குத் தொடாதீர்கள். 50-க்குள் வருகிற மெஷின் சின்னதாக இருக்கிறதே என்று வருத்தம் வேண்டாம், தொடங்குபவருக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

எந்த மெஷின் என்பதற்கு முன்னால் என்ன வெட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். ஸ்டிக்கர், அட்டை, டி-ஷர்ட் மூன்றும் மூன்று வேறு தொழில்கள். பொருள் வேறு, தவறுகள் வேறு, வாங்குகிற ஆளும் வேறு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் சொல்வதானால் வினைல் ஸ்டிக்கர். கூடுதல் கருவி அதிகம் வேண்டாம், வீணானாலும் ஒரு துண்டு வினைலோடு போகும். டி-ஷர்ட்டில் தவறினால் வினைலோடு சட்டையும் போகும்.

அகலத்தைப் பொறுத்தே விலை ஏறுகிறது. கிரிகட் நிறுவனத்தின் ஜாய் மாடல் சுமார் நாலரை அங்குல அகலம் வெட்டும். பாட்டில் பெயர், சிறு ஸ்டிக்கர், டப்பா லேபிள் இவற்றுக்குச் சரி, சட்டையின் மார்பு அளவு எழுத்துக்குப் போதாது. சில்ஹவுட் நிறுவனத்தின் போர்ட்ரெய்ட் 8 அங்குல வகை. கிரிகட் எக்ஸ்ப்ளோர், மேக்கர், சில்ஹவுட் கேமியோவின் சாதாரண மாடல் எல்லாம் 12 அங்குல மேட் போகும் வகை. எக்ஸ்ப்ளோருக்கும் மேக்கருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். மேக்கரில் துணி வெட்டும் உருளும் பிளேடும், சுமார் 2.4 மில்லிமீட்டர் வரை மெல்லிய மரம், தடித்த அட்டை வெட்டும் கத்தி பிளேடும் பொருத்தலாம். மரம் வெட்டும்போது ஒரே கோட்டில் பல முறை போய் வரும். ஒரு சிறு வேலைக்கே மணிக்கணக்கில் ஆகலாம். வினைலும் அட்டையும்தான் என்றால் அந்தக் கூடுதல் பணம் உங்களுக்குத் திரும்பி வராது. கையால் வரைந்த படத்தை அப்படியே வெட்ட விரும்புகிறவர்களுக்கு ஸ்கேனர் உள்ளேயே இருக்கும் பிரதர் ஸ்கேன்-என்-கட் பொருந்தும். உங்களுக்கு அது தேவையென்று தோன்றவில்லை.

விலைச்சீட்டில் தெரியாத செலவு மென்பொருள். கிரிகட்டின் டிசைன் ஸ்பேஸ் இலவசம்தான். ஆனால் கணக்குத் தொடங்க வேண்டும், பெரும்பாலான வேலைக்கு இணைய இணைப்பு வேண்டும், உள்ளே காட்டும் படங்களில் பலவற்றுக்குத் தனிக் கட்டணமோ சந்தாவோ கேட்கும். 2021 மார்ச்சில் அந்த நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படங்கள்தான் பதிவேற்றலாம் என்று அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும் அந்த மாதமே பின்வாங்கியது. காசு கொடுத்து வாங்கிய மெஷினுக்கும் விதிகளை வேறொருவர் மாற்றலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். சில்ஹவுட்டில் சிக்கல் வேறு மாதிரி: மென்பொருளின் இலவசப் பதிப்பு எஸ்.வி.ஜி. கோப்பை (கோடுகளாக வரைந்த டிசைன் கோப்பு வகை) திறக்காது, அதற்கு மேல் பதிப்பை ஒருமுறை விலை கொடுத்து வாங்க வேண்டும். விற்பனைக்கு வரும் டிசைன்களில் பெரும்பாலானவை எஸ்.வி.ஜி. என்பதால் அந்தத் தொகையை மெஷின் விலையோடு சேர்த்தே ஒப்பிடுங்கள். எந்த மெஷினானாலும் படம் வரைய இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்வது நல்லது. சந்தாவுக்குப் போகும் பணம் மிஞ்சும்.

காம்போவை ஏன் வேண்டாம் என்கிறேன்? நாற்பது நிறத்தில் முப்பது நிறத்தை யாரும் கேட்க மாட்டார்கள். கறுப்பும் வெள்ளையும் தீர்ந்துபோய் அவற்றை மறுபடி வாங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆரம்பத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: மெஷினோடு வரும் நுண்முனை பிளேடு, அதற்கு ஒரு உபரி, நடுத்தரப் பசையுள்ள மேட் ஒன்று, அட்டையும் செய்வதானால் மென்பசை மேட் ஒன்று, வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும் கொக்கி, தேய்க்கும் ஸ்கிரேப்பர், வெட்டிய வினைலை அப்படியே தூக்கி வேறிடத்தில் ஒட்ட உதவும் டிரான்ஸ்ஃபர் டேப் ஒரு சுருள், இரண்டு நிறத்தில் வினைல். ஸ்டிக்கர் வினைலில் இரண்டு வகை உண்டு என்பதை வாங்கும்போதே கேளுங்கள். சுவரில் ஒட்டிப் பிறகு எடுப்பதற்கு உரித்தெடுக்கும் வகை, ஓரகல் 631 போன்றது. பாட்டில், வண்டி, வெளியிடங்களுக்கு நிரந்தர வகை, ஓரகல் 651 போன்றது. மாற்றி வாங்கினால் பாட்டிலில் ஒட்டியது முதல் கழுவலிலேயே ஓரம் தூக்கும், அல்லது சுவரிலிருந்து பெயின்ட்டோடு வரும். இரண்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். டி-ஷர்ட்டில் வினைலைச் சூட்டால் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ் இப்போது வேண்டவே வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் நீராவியை நிறுத்திவிட்டு, தேய்க்காமல் அழுத்திப் பிடித்து ஒன்றிரண்டு செய்து பாருங்கள்.

இனி பணம் எங்கே வீணாகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் மேட்டின் மேல்தான்.

புதுத் தாளைப் போட்டவுடன் முழு டிசைனையும் வெட்டாதீர்கள். தாளின் மூலையில் ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக் கொக்கியால் தூக்கிப் பாருங்கள். வினைல் மட்டும் சுத்தமாக எழும்ப வேண்டும், அடித்தாளில் நகக்கீறல் போல மெல்லிய கோடு மட்டும் தெரிய வேண்டும். அடித்தாளும் அறுந்தால் அழுத்தம் அதிகம். அப்படியே தொடர்ந்தால் மேட்டிலும் கோடு விழும், மேட்டின் ஆயுள் குறையும். வினைல் ஓரத்தில் இழுபட்டால் அழுத்தம் குறைவு அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. மழுங்கியதென்று முடிவு செய்வதற்கு முன் பிளேடை வெளியே எடுத்துக் கூட்டுக்குள் காகிதத் தூசு சிக்கியிருக்கிறதா பாருங்கள். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதில் முனையைப் பல முறை குத்தி எடுத்தால் ஒட்டியிருக்கும் துணுக்குகள் போகும். இதனால் பிளேடு கூராகிவிடாது, சுத்தமாகும், அவ்வளவே. காகிதத்துக்கு ஒன்று, வினைலுக்கு ஒன்று என்று பிளேடைப் பிரித்து வைத்தால் இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும். காகிதம் பிளேடைச் சீக்கிரம் மழுங்கடிக்கும்.

அட்டை கிழிகிறது என்று புலம்புபவர்களில் பலருக்குப் பிரச்சினை பிளேடில் இல்லை. மேட்டில் பசை குறைந்து அட்டை நகர்வதே காரணம். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு மென்மையாகக் கழுவிக் காற்றில் உலர விட்டால் பசை ஓரளவு திரும்பும். அப்போதும் போதவில்லையென்றால் தாளின் நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பிடித்துவிட்டு இன்னும் சில நாள் ஓட்டலாம். வெட்டி முடித்ததும் அட்டையை இழுத்து எடுத்தால் சுருண்டுகொள்ளும். மேட்டைக் கவிழ்த்து வைத்து, அட்டை மேசையில் படுத்திருக்க, மேட்டை வளைத்து மேலே தூக்குங்கள்.

சூட்டில் ஒட்டும் டி-ஷர்ட் வினைலில் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு, படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறப்பது. பளபளப்பான பிலிம் பக்கம் கீழே மேட்டில் ஒட்டி இருக்க வேண்டும், வெட்டுவது அதன் முதுகில். வெட்டு என்று பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால்தான் சரி. வெப்பம் பெரும்பாலும் 150 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், ஆனால் பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் உறையில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள்.

விலை வைப்பது எப்படி? ஒரு தாளை அடிப்படையாக வையுங்கள். 12 அங்குல அகலம், 60 அங்குல நீளச் சுருளில் 12-க்கு 12 அளவில் ஐந்து தாள் கிடைக்கும். 12 அங்குல மேட்டில் வெட்டக் கூடிய இடம் சுமார் பதினொன்றரை அங்குலம். 3 அங்குல ஸ்டிக்கர் என்றால், இடைவெளியோடு ஒரு வரிசையில் மூன்றுதான் அடங்கும்; ஒரு தாளுக்கு 9, சுருளுக்கு 45. அதையே இரண்டே முக்கால் அங்குலமாகக் குறைத்து அரைக்கால் அங்குல இடைவெளி விட்டால் வரிசைக்கு நான்கு. தாளுக்கு 16, சுருளுக்கு 80. வாங்குபவர் கண்ணுக்குக் கால் அங்குலம் தெரியவே தெரியாது. உங்களுக்கோ ஒரு ஸ்டிக்கரின் வினைல் செலவு கிட்டத்தட்ட பாதியாகிறது. மெஷினை மாற்றி இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது.

ஒரு தாளின் செலவு: வினைல், அதே அளவு டிரான்ஸ்ஃபர் டேப், பிளேடு, மேட் தேய்மானத்துக்கு ஒரு பங்கு, உறை, வீணாவதற்கு ஆரம்பத்தில் ஐந்து தாளுக்கு ஒன்று. தேய்மானப் பங்கு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். புதுப் பிளேடு போட்ட தேதியை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கோடு போடுங்கள். பிளேடு மாற்றும் நாளில் கோடுகளை எண்ணி, பிளேடு விலையை அதனால் வகுங்கள். மேட்டுக்கும் அதேதான். பிறகு உங்கள் நேரம். மெஷின் வெட்ட சில நிமிடம்தான் எடுக்கும், வேண்டாத பகுதியைக் கொக்கியால் உரித்தெடுப்பதுதான் வேலையே. மெல்லிய கொடி எழுத்தும் பொடிப் புள்ளிகளும் உள்ள டிசைனுக்கு ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம்கூடப் போகலாம். தடித்த எழுத்துக்கு அதில் கால்வாசி. கடிகாரம் வைத்து அளந்து, வெளியில் வேலைக்குப் போனால் ஒரு மணிக்கு என்ன கிடைக்குமோ அந்தக் கூலியைச் செலவில் சேருங்கள். கூலி போட்டால் விலை ஏறுகிறதே என்று அதை விட்டுவிடுகிறவர்கள்தான், நல்ல விற்பனை இருந்தும் கையில் காசில்லை என்பார்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. மெஷின் விலையை 1,000 பங்கு என்று கொள்ளுங்கள். ஒரு தாள் ஸ்டிக்கரை விற்று, செலவும் கூலியும் போக மிஞ்சுவது 5 பங்கு என்றால், போட்டது திரும்ப 200 தாள் விற்க வேண்டும். வாரத்துக்கு நாலு தாள் என்றால் 50 வாரம், அதாவது ஏறக்குறைய ஒரு வருடம். தாளுக்கு 16 வீதம் அது 3,200 ஸ்டிக்கர். இத்தனையை யாருக்கு விற்பேன் என்பதற்குப் பெயர் சொல்லக்கூடிய பதில் இருந்தால் தொழில் கணக்கு எழுதுங்கள். இல்லையென்றால் இதைப் பொழுதுபோக்குச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் பொழுதுபோக்குக்குக் கடன் வாங்குவதில்லை. பிரபலக் கார்ட்டூன் உருவங்களையும் விளையாட்டு அணிகளின் சின்னங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை நன்றாகத்தான் விற்கும், ஆனால் உரிமை உங்களுடையதல்ல. விலை கொடுத்து வாங்கிய டிசைனிலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள்.

பழைய மெஷின் விஷயம். விலை குறைவு என்பதால் என் முதல் விருப்பம் அதுதான், ஒரு நிபந்தனையோடு: மாடல் பெயரைக் கேட்டு, இன்றைய மென்பொருள் அதை ஏற்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்குங்கள். கிரிகட் மினி என்ற சின்ன மெஷின் கிராஃப்ட் ரூம் என்ற இணைய மென்பொருளை நம்பியே ஓடியது. 2018 ஜூலையில் அந்த மென்பொருளை மூடியதும் நன்றாக இருந்த மெஷின்களும் வெட்டுவதை நிறுத்தின. மாடல் சரி என்றால் உங்கள் லேப்டாப்பையும் ஒரு துண்டு வினைலையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து மெஷினை இணைத்துப் பாருங்கள். பழைய உரிமையாளர் கணக்கோடு கட்டப்பட்டிருந்தால் அவர் முன்னாலேயே விடுவிக்கச் சொல்லுங்கள். மேட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு சிறு வட்டம் வெட்டுங்கள். வட்டம் தொடங்கிய இடத்திலேயே வந்து மூட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடாமல் நின்றால் உருளையோ தண்டோ தேய்ந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். ஐந்திலுமே இழுபட்டால் அது பழைய பிளேடாக இருக்கும். ஒரு புதுப் பிளேடின் விலையைக் கழித்துக்கொண்டு வாங்குங்கள்.