இதய அறிக்கையில் வரும் ஸ்டெனோசிஸ், இஸ்கிமியா, இன்ஃபார்க்‌ஷன், பிளாக் எல்லாமே 'அடைப்பு'தானா?

இல்லை. தமிழில் 'அடைப்பு' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. நானும் அதில் சிக்கியவன். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையின் இ.சி.ஜி. தாளில் 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று அச்சாகியிருந்ததைக் கண்டு, வலப்பக்க இரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்று வீடே கலங்கியது. அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்பது மருத்துவர் விளக்கிய பிறகே தெரிந்தது. இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்தூண்டல் வலக் கிளையில் தடைப்படுகிறது அல்லது தாமதமாகச் செல்கிறது என்பதையே அது குறிக்கிறது. இதய நோய் எதுவும் இல்லாதவர்களிடமும் அது காணப்படுவதுண்டு. மருத்துவர்கள் 'ஹார்ட் பிளாக்' என்று எழுதுவதும் இத்தகைய மின்கடத்தல் கோளாற்றைத்தான். அது முற்றினால் பொருத்தப்படுவது மின்தூண்டல் தரும் கருவியான பேஸ்மேக்கர்; குறுகிய இரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் அன்று.

இனி இரத்தக் குழாய்களுக்கு வருவோம். தமனியின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சி செல்களும் நார்த்திசுவும் சேர்ந்து படிவதற்கு அத்திரோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'கூழ்', 'கடினமாதல்' என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து அமைத்த பெயர் இது. படிவின் உள்ளே கூழும் வெளியே கெட்டியான மூடியும் இருப்பதால் பொருத்தமான பெயர்தான். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளில் இது ஏற்பட்டால் கரோனரி தமனி நோய் என்கிறார்கள். படிவினால் குழாய் குறுகுவது ஸ்டெனோசிஸ். முழுவதும் மூடிக்கொள்வது அக்லூஷன். ஆகவே அறிக்கையில் உள்ள ஸ்டெனோசிஸ் என்ற சொல்லை 'அடைப்பு' என்பதைவிடக் 'குறுக்கம்' என்று படிப்பதே சரி.

குறுக்கத்தின் அளவாக அறிக்கையில் வரும் சதவீதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குடும்பங்கள் மிகுதியாக அஞ்சுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான். சாயம் செலுத்தி எடுக்கும் இரத்தக் குழாய்ப் படமான ஆஞ்சியோகிராமில் வழக்கமாகக் குறிப்பிடுவது விட்டக் குறைவை. 50% விட்டம் குறைந்தால் குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறத்தாழ 75% போய்விடும். பொதுவாக 70% அல்லது அதற்கு மேற்பட்ட குறுக்கத்தையும், இடது பிரதான தமனியில் 50% குறுக்கத்தையுமே கூட முக்கியமானதாகக் கருதுகிறார்கள். எனினும் எண் சிறிதாக இருப்பது முழுப் பாதுகாப்பு ஆகாது: பல மாரடைப்புகள், பெரிதாகக் குறுகாத இடத்தில் இருந்த படிவின் மெல்லிய மூடி கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயைத் திடீரென மூடுவதால் நிகழ்கின்றன. அவ்வாறு உறைவது திராம்போசிஸ். 'டிரிபிள் வெசல் டிசீஸ்' என்பதும் மூன்று அடைப்புகள் என்று பொருள்படாது. மூன்று முக்கியத் தமனிகளிலும் குறிப்பிடத்தக்க குறுக்கம் இருக்கிறது என்றே பொருள், ஒரே தமனியில் இரண்டு மூன்று இடங்கள் குறுகியிருக்கவும் கூடும்.

மற்ற மூன்று சொற்கள் விளைவுகளைக் குறிப்பவை. தசைக்குத் தேவையான அளவு இரத்தம் கிடைக்காத நிலை இஸ்கிமியா. அதனால் மார்பில் தோன்றும் இறுக்கமோ வலியோ ஆஞ்சைனா. நடை போன்ற உழைப்பின்போது வந்து ஓய்வெடுத்தால் தணிவது நிலையான வகை, ஓய்விலும் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் நின்று தசை செத்துவிடுவது இன்ஃபார்க்‌ஷன், அதாவது மாரடைப்பு. இரத்தத்தில் டிரோப்போனின் என்ற தசைப் புரதம் உயர்ந்திருப்பது தசைச் சேதத்தைக் காட்டும்.

செய்திகளில் மாரடைப்பு என்றே எழுதப்பட்டுவிடும் கார்டியாக் அரெஸ்ட் இவற்றிலிருந்து வேறுபட்டது. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நினைவோடு பேசிக்கொண்டிருப்பார்; கார்டியாக் அரெஸ்டில் இதயம் இரத்தத்தை உந்துவதே நின்றுபோவதால் சில நொடிகளில் நினைவிழந்து விழுவார், அங்கேயே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கியாக வேண்டும்.