நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கும் விசா எடுக்க வேண்டுமா?

கேள்வி இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களைப் பற்றியது: நடுவில் இறங்கி விமானம் மாறும் நாட்டில், விசா இல்லாமல் குடிவரவைத் தாண்டலாமா?

விசா கேட்கும் நாடென்றால் தாண்ட முடியாது. ஆனால் பெரும்பாலும் தாண்ட வேண்டிய தேவையே வராது. வருமா வராதா என்பது நீங்கள் ரிக்கற் எடுத்த விதத்தில் இருக்கிறது. நான் இதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்துபோட்டபடி படித்தேன்.

மெல்பேர்னில் இருக்கும் அண்ணாவிடம் போக, கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு ரிக்கற், அங்கிருந்து மெல்பேர்னுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்திருந்தேன். மலிவு, வேறென்ன. மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து இரவு வான் வண்டியில் வெளிக்கிட்டு, ஹபரணையில் ஒரு பிளேன்டீ குடித்து, விடியக் கவுண்டரில் நின்றேன். அந்தப் பிள்ளை ஆஸ்திரேலிய விசாவைப் பார்த்தாள், தலையாட்டினாள். பிறகு, "மலேசிய விசா?" என்றாள்.

நான் வெளியே போகவில்லையே என்றேன். "பெட்டி போகுமே" என்றாள். ரிக்கற் இரண்டு என்பதால் பெட்டியில் ஒட்டும் துண்டு கோலாலம்பூர் வரைக்கும்தான். அங்கே அதை எடுக்கக் குடிவரவைத் தாண்ட வேண்டும். மலேசியாவுக்கு நமக்கு விசா வேண்டும்.

வழி ஒன்றுதான் இருந்தது: பெட்டியை விட்டுவிட்டுக் கைப்பையோடு போவது. ஏழு கிலோவுக்குள் இரண்டு சேட், ஒரு சாரம், மருந்து. அண்ணாவுக்கு அம்மா கட்டித் தந்த கூனி இறாலும் காத்தான்குடி மஸ்கற் இனிப்பும் மாமாவோடு திரும்ப மட்டக்களப்புக்குப் போயின. "விடு மனே, பாசல்ல அனுப்புவம்" என்றார் அம்மா போனில். (கூனியை ஆஸ்திரேலியாவில் விட்டிருப்பார்களா என்பது வேறு கதை.) நல்லகாலம், இரண்டு விமானமும் ஒரே டெர்மினல். உள்ளேயே இருந்து, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் விழாமல் ஏறினேன்.

ஒரே ரிக்கற், கடைசி ஊர் வரைக்கும் போகும் பெட்டி என்றால் டோஹா, டுபாய் வழியாகப் போகப் பயமில்லை. ஐரோப்பா அப்படியில்லை. செங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையத்துக்கு உள்ளேயே இருந்து விமானம் மாறுவதற்கும் தனி விசா கேட்கும் 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. கையில் செல்லுபடியான கனடா அல்லது அமெரிக்க விசா இருந்தால் அது தேவையில்லை. லண்டனும் கிட்டத்தட்ட இதே மாதிரி. பாரிசில் இறங்கிப் பிராங்பேர்ட் போய் அங்கிருந்து கனடா என்று எடுத்துவிடாதீர்கள். பாரிஸ்-பிராங்பேர்ட் உள்ளூர்ப் பயணம் மாதிரி, அதற்குப் பாரிசிலேயே குடிவரவைத் தாண்ட வேண்டும், முழுச் செங்கன் விசா வேண்டும். அமெரிக்காவில் உள்ளேயே இருந்து மாறும் வசதியே கிடையாது. நடுவில் இரண்டு மணித்தியாலம் நின்றாலும் விசா வேண்டும்.

இன்னொன்று, உங்களை முதலில் மறிப்பது அந்த நாட்டு அதிகாரி இல்லை, இங்குள்ள விமானக் கவுண்டர். தகுந்த விசா இல்லாதவரை ஏற்றிப்போனால் தண்டப்பணமும் திருப்பிக் கொண்டுவரும் செலவும் விமானக் கம்பனியின் தலையில். அதனால் அவர்களோடு வாதாடிப் பிரயோசனமில்லை.

காசு கட்டுமுன் ஏஜென்சிக்காரரிடம், "ரெண்டும் ஒரே புக்கிங்கா, பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமா?" என்று கேளுங்கள். "பிரச்சினை இல்லை அண்ணன்" என்று மட்டும் சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்.