எந்த லாரி ஆபீஸில் சேரலாம்? டிரைவர்களின் கேள்விகளும் பதில்களும்

நாமக்கல் வட்டாரத்தில் 26 வருடமாக நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுகிறேன். ஐந்து முதலாளிகளைப் பார்த்தாயிற்று. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராசிபுரம் தம்பி: இப்போதுதான் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன் அண்ணா. இரண்டு ஆபீஸில் கூப்பிடுகிறார்கள். சம்பளம் அதிகம் தருகிற இடத்திலேயே சேரட்டுமா?

சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. லோடு கிடைக்காமலோ, சரக்கை இறக்காமலோ வண்டி நின்றால் படி உண்டா என்று முதலில் கேளுங்கள். ஒருமுறை சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மும்பை பக்கம் பிவண்டி போனேன். குடோன் வாசலில் நாலு நாள் நின்றேன், விடாத மழை. தார்ப்பாய் மடிப்பில் தேங்கிய தண்ணீரை ராத்திரி முழுக்கக் கம்பால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மூட்டை நனைந்தாலும் என் கணக்கில்தான் எழுதுவார்கள். ஊர் திரும்பியதும், ஓடாத நாளுக்குப் படி கிடையாது என்றார்கள். வண்டி நின்ற நாளுக்கான ஹால்டிங் சார்ஜைச் சரக்குக்காரரிடம் வாங்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிற்கிற நாளுக்கு இவ்வளவு என்று தயங்காமல் சொல்கிற இடத்தில் சேருங்கள். அதற்கு முன் அவர்கள் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போய் டயர்களைப் பாருங்கள். அங்கே இருக்கிற டிரைவர் எத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்று விசாரியுங்கள். எல்லாருமே புதுசு என்றால் யோசிக்க வேண்டும்.

சங்ககிரி டிரைவர்: எங்கள் ஆபீஸில் மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுத்தான் ஈடுகட்டுகிறேன்.

இந்தப் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தர்மபுரியில் இருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கம் தெரியும். அங்கே லோடு வண்டியை நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிமானம் போய்விடும். மொத்த எடையும் பிரேக் மேல் விழும். மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடேறி, அதில் உரசி நிறுத்துகிற லைனிங் பிடிக்காது, பிரேக்கை இயக்குகிற ஏரும் இறங்கும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் ஏர் ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். அந்த இறக்கத்தில் முன்னால் போன வண்டியில் லைனிங் கருகிய நாற்றம் என் கேபினுக்குள் வந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

இதில் டீசலும் மிச்சமாகாது. இப்போது வருகிற எலக்ட்ரானிக் இன்ஜினில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவது தானாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடுகிற ஐடிலுக்கு டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இதை முதலாளியிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் லோடு, மலை, டிராபிக் எதையும் கணக்கில் எடுக்காமல் மைலேஜ் காசு பிடித்தால் வேறு இடம் பாருங்கள். உங்கள் உயிரை வைத்து அவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பரமத்தி வேலூர் டிரைவர்: ஓவர்லோடு ஏற்றச் சொன்னால்?

முடியாது என்று சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மிகுதிச் சரக்கை இறக்கின பிறகுதான் வண்டியை விடுவார்கள். "போங்க, பாத்துக்கலாம்" என்பவர் அந்த நேரத்தில் போனை எடுப்பதில்லை.

திருச்செங்கோடு சகோதரி: வீட்டுக்காரர் லாரியில் வெளிமாநில லைனுக்குப் போய் 40 நாள் ஆகிறது. ஏதாவது ஆகிவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. அவர் ஓட்டுகிற வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சம்பள டிரைவருக்கான பிரீமியம் கட்டியிருக்கிறார்களா, பாலிசி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பி.எஃப். உண்டா என்றும் கேளுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. அதில் உறுப்பினராக இல்லையென்றால், இந்த முறை ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதிவு செய்ய வையுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு விடுவார்கள் என்பதையும் சேரும்போதே பேசிவிட வேண்டும்.

ஓமலூர் டிரைவர்: கேபினில் ஏசி கட்டாயம் என்கிறார்களே?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளுக்குத்தான். பழைய வண்டிக்கு இல்லை.

குமாரபாளையம் டிரைவர்: வேலையை விட்டுவிட்டேன். கணக்கு முடிக்காமல் இழுக்கிறார்கள், லைசென்ஸும் அவர்களிடம்தான் இருக்கிறது.

லைசென்ஸ் ஒரிஜினலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். ஒவ்வொரு டிரிப்புக்கும் கிளம்பின தேதி, இறக்கின தேதி, வாங்கின அட்வான்ஸ், டீசல் பில், டோல், நின்ற நாள் எல்லாவற்றையும் உங்கள் நோட்டிலும் எழுதி, டிரிப் ஷீட்டை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு இடத்தில் மூன்று மாதப் பாக்கி வந்தது அந்த நோட்டால்தான். இப்போதைக்கு, கையில் இருக்கிற பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, பாக்கி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள், லைசென்ஸ் விஷயத்தையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.