போனில் மட்டும் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை, ஒலிபெருக்கும் தொலைபேசி உதவுமா?

கடலூர் முதுநகரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு நேரில் பேசினால் புரிகிறது, போனில் புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் அவர் உங்கள் உதட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறார். போனில் அந்த உதவி இல்லை. போதாததற்கு, பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். முதுமையில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது ‘ச’ போன்ற கீச்சொலிகள். எனவே ‘சட்டை’யும் ‘தட்டை’யும் ஒன்றாகிவிடும், குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

ஒலிபெருக்கும் தொலைபேசி குரலைப் பல டெசிபல் உயர்த்துகிறது. 20 டெசிபல் கூடினால் ஒலி அழுத்தம் பத்து மடங்காகும். ஆனால் சத்தம் மட்டும் கூடினால் போதாது. காது மந்தமானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலியோ சட்டென்று காதைக் குடையும். அதனால் உயர் அதிர்வெண்ணைத் தனியாகக் கூட்டும் திருகு உள்ள கருவியையே வாங்குங்கள். என் கணக்கில் அதுதான் முக்கியம். பெரிய எண்களும் மினுக்கும் விளக்கும் பிறகுதான். விளக்கு வீண் என்று சொல்லவில்லை, மணியே கேட்காதவருக்கு அது வேண்டும்.

அவர் காது கேட்கும் கருவி அணிந்திருந்தால், அதில் டெலிகாயில் (போனின் காந்த சமிக்ஞையை நேரடியாகப் பிடிக்கும் சிறு கம்பிச்சுருள்) உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அதற்குப் பொருந்தும் போனில் சுற்றுப்புற இரைச்சல் வெகுவாகக் குறையும்.

வாங்குமுன் புதுச்சேரி ஜிப்மரிலோ அருகிலுள்ள வேறு காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ பரிசோதித்துவிடுங்கள். சில நேரம் வெறும் காதுக் குறும்பிதான் காரணமாக இருக்கும்.