வாசகர் கேள்வி – பதில்: ரொறன்ரோவின் ஹைட்ரேஞ்சியா உப்புவெளி மணலில் வளருமா?

வெளிநாடுகளில் பிள்ளைகளும் சகோதரர்களும் வாழும் வாசகர்கள் பலர் இம்முறை ஒரே செடியைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் தோட்டப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*கேள்வி:* ரொறன்ரோவில் வசிக்கும் மகளின் வீட்டு வாசலில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளைப் பூக்கள் கூம்பு கூம்பாக நிறைந்து நிற்கும் ஹைட்ரேஞ்சியாச் செடியைக் கண்டு மயங்கிவிட்டேன். அடுத்த தடவை போகும்போது ஒரு தடியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் வளவில் நட்டால் வருமா? எங்களுடையது கடற்கரை மணல். கிணற்று நீர் கோடையில் சற்று உவர்க்கும். – வாசகி, உப்புவெளி

*பதில்:* வராது அம்மா. ஆசையோடு கேட்டவருக்கு இப்படிச் சொல்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் அத்தனை தூரம் கொண்டுவந்து, மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காத்து, கடைசியில் கருகிய தடியைப் பிடுங்கி எறிவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நீங்கள் கண்டது பனிகுலாட்டா ஹைட்ரேஞ்சியா என்னும் இனம். சீனா, கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் சகலின் தீவு ஆகியவை அதன் தாயகம். நாகசாகியில் இருந்த ஒல்லாந்தரின் வணிக நிலையத்தில் மருத்துவராகப் பணியாற்றிய சீபோல்ட் என்ற ஜேர்மானியரே 1829ஆம் ஆண்டில் இதற்குத் தாவரவியற் பெயரிட்டவர். இன்று கனடாவின் வீட்டு முன்றல்களில் இது இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம், -30 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரையும் தாங்கும் அதன் உறுதி. இலையுதிர்காலத்தில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு, நிலம் உறைந்து கிடக்கும் மாதங்களில் வெறும் தடியாக உறங்கி, வசந்தத்தில் கண்விழித்துத் தளிர்ப்பதுதான் அதன் வாழ்க்கை முறை. அந்த உறக்கத்தை அதனிடமிருந்து பறித்துவிட்டு அது தரும் பூவை மட்டும் நாம் எதிர்பார்க்க முடியாது.

திருகோணமலையில் மார்கழி, தை மாத இரவுகளிற்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. செடியை உறங்க வைக்கும் குளிர் இங்கே வருவதே இல்லை. அதற்கு மேல், வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று தரையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வீசும் காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையை எட்டிவிடுகிறது. ஹைட்ரேஞ்சியாவின் இலை அகலமானது, மெல்லியது; வேரோ ஆழமாகப் போகாமல் மேல்மண்ணிலேயே பரவுவது. அந்தக் காற்றில் இலை இழக்கும் நீரை அந்த வேரால் அதே வேகத்தில் உறிஞ்சிக் கொடுக்க இயலாது. நீங்கள் சொன்ன உவர் நீரும் சேர்ந்தால் முதலில் இலையின் விளிம்பு பழுப்பேறும், பிறகு முழு இலையும் சுருண்டு காயும்.

ஹக்கலைப் பூங்காவிலும் நுவரெலியா வீட்டு வாசல்களிலும் ஹைட்ரேஞ்சியா பூத்துக் குலுங்குகிறதே என்று நீங்கள் கேட்கக்கூடும். அது உருண்டைப் பூங்கொத்துகளையுடைய மக்ரோபிலா என்ற வேறோர் இனம். மேலும், ஹக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்ந்த, ஈரமான, அமிலத்தன்மையுள்ள மண்ணை உப்புவெளியில் உருவாக்க முடியாது.

இன்னுமொன்று. ஈரத்துணியில் சுற்றிய தடியைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவருவது சட்டத்துக்குப் புறம்பானது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயிருள்ள தாவரப் பகுதிகளை நாட்டுக்குள் கொண்டுவர முன் அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் இதற்கெனத் தாவரத் தொற்றுக்காப்பு நிலையம் இயங்குகிறது. நம் தென்னைக்கும் மாவுக்கும் தொற்றக்கூடிய பூச்சியோ பூஞ்சையோ அந்த ஒரு தடியில் வந்துவிடலாம் என்பதால், இந்த விதியை நான் மனமார ஆதரிக்கிறேன்.

*கேள்வி:* மகன் கனடாவில் புதிதாக வாங்கிய வீட்டில் இந்தச் செடி நிற்கிறது. ஹைட்ரேஞ்சியாவை வெட்டினால் அடுத்த ஆண்டு பூக்காது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். தொலைபேசியில் அவன் என்னிடம் கேட்கிறான். வயல் செய்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவன் நம்பிக்கை. என்ன சொல்லட்டும்? – வாசகர், மூதூர்

*பதில்:* ஐயா, பக்கத்து வீட்டார் சொன்னதும் ஒருவகையில் சரிதான், ஆனால் அது மக்ரோபிலாவுக்குப் பொருந்தும் செய்தி. மக்ரோபிலா பெரும்பாலும் முந்தைய ஆண்டில் வளர்ந்த தண்டிலேயே அடுத்த ஆண்டின் மொட்டைத் தயாராக வைத்திருக்கும். அதை இலையுதிர்காலத்திலோ வசந்தத்திலோ வெட்டினால் பூவையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம். பனிகுலாட்டா அப்படியன்று. அது அந்தந்த ஆண்டின் வசந்தத்தில் புறப்படும் புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். ஆகவே உறக்கம் கலைவதற்கு முன் வெட்டினால் பூவுக்கு எந்தச் சேதமும் இல்லை. சொல்லப்போனால் வெட்டிய செடியில்தான் கொத்துகள் பெரிதாக வரும்.

ரொறன்ரோப் பக்கத்தில் மார்ச் மாதக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இதற்கு ஏற்ற காலம். மகனைச் செடியின் அருகே குனிந்து ஒரு தடியை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் கலந்த பழுப்பு நிறத் தடியில் ஒரு கணுவுக்கு இரண்டு, சில வேளை மூன்று, சிறிய மொட்டுகள் எதிரெதிராகத் தடியோடு ஒட்டியிருக்கும். அவை பருத்துப் பச்சை காட்டத் தொடங்கும் தறுவாயில், ஆரோக்கியமான ஒரு கணுவைத் தேர்ந்து, அதற்கு அரை விரற்கடை மேலே, கூரான கத்தரியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைப்பது பொதுவாகப் போதும். அதற்கு முன்பே காய்ந்த தடி, ஒன்றோடொன்று உரசும் தடி, உட்பக்கமாகத் திரும்பிய ஈர்க்குத் தடி ஆகியவற்றை அடியோடு நீக்கிவிடட்டும். காய்ந்த தடியை அறிவது எளிது: நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உயிருள்ள தடியில் பச்சை தெரியும், செத்த தடியில் தெரியாது.

தரையோடு தரையாக வெட்டிவிட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். செடி மீண்டும் முளைக்கும், பெரிய பூவும் வைக்கும். ஆனால் ஒரே பருவத்தில் நெடுநெடுவென்று ஓடிய மெலிந்த தண்டு அந்தப் பூவின் பாரத்தைத் தாங்காது. சென்ற ஆண்டின் காய்ந்த பூங்கொத்துகளைப் பனிக்காலம் முழுவதும் செடியிலேயே விட்டுவைப்பதில் தவறில்லை. ஈரப்பனி அதிகம் பாரமேற்றும் இடமானால் அவற்றை மட்டும் முன்னதாக நறுக்கிவிடலாம்.

*கேள்வி:* நுவரெலியாவில் இருக்கும் அக்கா படிகாரம் போட்டு ஹைட்ரேஞ்சியாப் பூவை நீலமாக்குகிறார். இங்கிலாந்தில் இருக்கும் தங்கையின் கூம்புப் பூச் செடிக்கும் அதைச் செய்யலாமா? அவளுடைய செடியின் தண்டுகள் மழை பெய்ததும் தரையில் சாய்ந்துவிடுகின்றன என்றும் சொல்கிறாள். – வாசகி, திருகோணமலை நகர்

*பதில்:* படிகாரம் வேண்டாம். மக்ரோபிலாவின் நிறமி அலுமினியத்தோடு சேரும்போதுதான் நீலமாகிறது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் தேயிலை விளையும் நம் மலைநாட்டில் நீலம் இயல்பாகவே வருகிறது. பனிகுலாட்டாவின் பூவில் அந்த மாற்றம் நிகழாது. மண்ணில் எதைப் போட்டாலும் அது நீலமாகாது.

ஆனால் அதற்கென்று ஒரு நிறமாற்றம் இருக்கிறது, அது எனக்கு நீலத்தைவிடப் பிடித்தது. ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தால் இரண்டு வகைப் பூக்கள் தெரியும்: நாம் இதழ் என்று எண்ணும் அகன்ற நான்கு புல்லிதழ்களோடு கூடிய மலட்டுப் பூக்கள் வெளியே, அவற்றின் இடுக்குகளில் கடுகளவு மொட்டாயிருந்து விரியும் வளமான சிறு பூக்கள் உள்ளே. தேனீ தேடிவருவது அந்தச் சிறு பூக்களை. வெளியே நிற்கும் புல்லிதழ்கள் யூலையில் வெள்ளையாகவோ, லைம்லைட் என்ற வகையில் எலுமிச்சைப் பச்சையாகவோ தொடங்கி, செப்ரெம்பரின் குளிர்ந்த இரவுகளில் விளிம்பிலிருந்து உள்நோக்கி ரோசா நிறமேறி, கடைசியில் காய்ந்த கடதாசி போலாகும். வனில் பிரேஸ் என்ற பிரெஞ்சு வகையில் இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரியும். இரவு குளிராத ஆண்டில் ரோசா நிறம் மங்கலாகவே இருக்கும். அதற்குத் தங்கை எந்த மருந்தும் தேட வேண்டியதில்லை.

தண்டு சாய்வதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். நைதரசன் மிகுந்த பசளை, போதாத வெயில், அளவுக்கு மீறிய வெட்டு. புல்தரைக்குப் போடும் பசளை செடியின் அடிக்கும் சிந்துகிறதா என்று முதலில் பார்க்கட்டும். வசந்தத்தில் ஒருமுறை கூட்டெரு போடுவதே இச்செடிக்குப் போதுமானது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் நின்றால் தண்டு தடித்து வளரும். செடி இன்னும் இளமையாயிருந்தால் ஓரிரு ஆண்டு பொறுத்திருக்கலாம். தடி முதிர முதிரத் தாங்கும் வலிமை வரும். நட்ட முதலாவது கோடையில் வாரம் ஒருமுறை வேர் நனைய ஆழமாக நீர் விடுவதும், மரப்பட்டைச் சீவலால் அடியில் மூடுபடை இடுவதும் அவசியம். மூடுபடை தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் விலகியிருக்க வேண்டும்.

*கேள்வி:* இந்தப் பூ நம் ஊருக்கு ஆகாதென்றால், அதைப் போலக் கொத்தாகப் பூக்கும் எதையாவது சொல்லுங்கள். – வாசகர், சாம்பல்தீவு

*பதில்:* மிக நல்ல கேள்வி. என் தெரிவு லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா. நம் வீதியோரப் பூமருதுக்கு நெருங்கிய இனம். ஆனால் வளவுக்குள் அடங்கும் சிறு மரம். கிளை நுனியில் கூம்பாகக் கொத்துவிட்டு வெள்ளை, ரோசா, ஊதா நிறங்களில், ஓரம் சுருங்கிய மெல்லிய இதழ்களோடு பூக்கிறது. மூதூர் வாசகருக்குச் சொன்ன அதே வெட்டு முறை இதற்கும் பொருந்தும், ஏனெனில் இதுவும் புதுத் தளிரில் பூக்கும் செடி. முழு வெயிலை விரும்பும்; வேர் பிடித்தபின் வறட்சியையும் பொறுத்துக்கொள்ளும். சாடியில் வளர்ப்பதற்குக் குட்டை வகைகளும் உண்டு.

இரண்டாவதாக முசாண்டா. ஹைட்ரேஞ்சியாவைப் போலவே இதிலும் கண்ணைக் கவர்வது பெருத்த புல்லிதழ்தான். உண்மையான பூ நடுவிலுள்ள சிறிய மஞ்சள் நட்சத்திரம். வெள்ளை முசாண்டா பூத்து நிற்கும்போது உப்புவெளி வாசகி தன் மகளின் வாசலை நினைத்துக்கொள்வார் என்றே நம்புகிறேன். இது லாகர்ஸ்ட்ரோமியாவைவிட அதிக ஈரம் கேட்கும் செடி. ஆகவே மதிய வெயிலும் கச்சானும் நேரே தாக்காமல், மதிலின் கிழக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது.

எதை நட்டாலும் நம் மணலைத் திருத்தாமல் நட வேண்டாம். இரண்டடி அகலமும் அதேயளவு ஆழமும் கொண்ட குழி வெட்டி, எடுத்த மணலில் பாதியை ஒதுக்கிவிட்டு, மீதியோடு மக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் உள்நாட்டுச் செம்மண்ணையும் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூள் சேர்ப்பதாயின் நன்றாகக் கழுவி உப்பை நீக்கிய பின்பே சேர்க்க வேண்டும். ஒக்ரோபரில் மாரியின் முதல் மழைகள் மண்ணை நனைத்ததும் நடுவதே சரியான காலம். நம் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி அதிலிருந்து தை வரையான மாதங்களில்தான் பெய்கிறது. வேர் அந்த மழையில் இறங்கிக்கொண்டால் சித்திரை வெயிலை எதிர்கொள்ளும். கிணற்று நீர் உவர்த்தாலும், மாரி மழை உவரை வேரடியிலிருந்து கழுவிக் கீழே இறக்கிவிடும்.

*கேள்வி:* கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் வந்து எங்கள் பூஞ்செடிகளை மேய்ந்துவிடுகின்றன. கனடாவிலும் இந்தத் தொல்லை உண்டா? நடும் செடியை எப்படிக் காப்பது? – வாசகி, கடற்கரை வீதி

*பதில்:* உண்டு. ஹைட்ரேஞ்சியாவின் இளந்தளிரும் மொட்டும் மான்கள் விரும்பித் தின்பவை. காடுகளை அண்டிய கனேடியப் புறநகர்களில் செடியைச் சுற்றி வலை அடிக்காமல் பூவைக் காண்பது கடினம். அதேவேளை இச்செடியில் சயனைட்டை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் இருப்பதால், நாயோ பூனையோ ஆடோ கடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி வெளிநாட்டிலுள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

இங்கே பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்கள் ஊரோடு பழகியவை. மனித வாடைக்கோ விளக்குக்கோ அவை அஞ்சா. ஆகவே நட்ட அன்றே செடியைச் சுற்றி மூன்று கம்புகளை ஊன்றி, ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை கட்டிவிடுங்கள். வலைக்கும் இலைக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் வலைக்கு வெளியே நீட்டும் குருத்தை நக்கி இழுத்துவிடும். முள்வேலி போடாதீர்கள், குட்டிகள் சிக்கிக் காயப்படுகின்றன. லாகர்ஸ்ட்ரோமியாவாயின் நடுத்தண்டு மானின் தலைக்கு மேல் உயர்ந்து பட்டை முற்றும் வரை வலை இருக்க வேண்டும்; முசாண்டா புதராகவே நிற்பதால் அதற்கு வலையை நிரந்தரமாகவே வைத்திருங்கள்.