காட்டின் பாதுகாப்பு அந்தஸ்தைத் தளர்த்தினால் என்ன ஆகும்?

சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அறிவித்த காட்டின் எல்லையைச் சுருக்குவது, விதியை இளக்குவது, அறிவிப்பையே ரத்து செய்வது எல்லாம் தளர்த்தல்தான். "கொஞ்ச இடம்தானே" என்பார்கள். சரி, கண்மாய்க் கரையில் ஒரு முழம் வெட்டினால் ஒரு முழத் தண்ணீரோடு நிற்குமா? காட்டுக்கு நடுவே ஒரு ரோடு போட்டால் வெயிலும் காற்றும் உள்ளே இறங்கும். ஈரச் சருகு காயும். ஓரமெல்லாம் உண்ணிச்செடி மண்டும். கோடையில் தீ சுலபமாகப் பிடிக்கும்.

மதுரைக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. வைகை பிறக்கும் வருசநாட்டு மலைப்பகுதி 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. அங்குள்ள காடு மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் மழை நின்ற பிறகும் ஓடைகளில் நீர் கசிகிறது.

வெட்டியதற்கு ஈடாக வேறிடத்தில் நட்டுவிடலாம் என்பது பலரும் போடும் தப்புக்கணக்கு: வரிசையாகத் தைலமரம் நட்டால் வருவது தோப்பு, அதில் காட்டின் அடுக்கடுக்கான மரமும் புதரும் சருகும் வராது.