சர்க்யூட் படத்தைப் பார்த்து ஸ்ட்ரிப்போர்டில் பாகங்களை அமைக்க எப்படிப் பழகுவது?

படத்தின் தோற்றத்தை அப்படியே போர்டில் கொண்டுவர முயல வேண்டாம். எந்தக் கால் எதோடு சேர்கிறது என்பது மட்டும்தான் முக்கியம். ஒன்றாகச் சேரும் கால்கள் எல்லாம் ஒரு கூட்டம். ஸ்ட்ரிப்போர்டு என்பது அடியில் இணையாக ஓடும் செம்புப் பட்டைகள் கொண்ட, துளையிட்ட போர்டு; ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதில் ஒரு பட்டை.

கட்டம் போட்ட தாளில் பட்டைகளைக் கிடைக்கோடுகளாக வரைந்து, முதலில் ஐசியை (பல கால்கள் கொண்ட சிப்) வையுங்கள். எட்டுக் கால் டைமர் ஐசியான 555-ஐ எடுத்துக்கொள்வோம். பட்டைகளுக்குக் குறுக்கே அதை வைத்தால் 1-ம் காலும் 8-ம் காலும் ஒரே பட்டையில் விழும். ஒன்று கிரவுண்ட், மற்றது சப்ளை! அதனால் ஐசிக்கு அடியில் நான்கு பட்டைகளையும் வெட்டியே ஆக வேண்டும். ஆஸ்டேபிள் சர்க்யூட்டில் (அவுட்புட் தானாகவே மாறி மாறி ஆன்-ஆஃப் ஆகும் சர்க்யூட்) 2-ம் காலும் 6-ம் காலும் சேர வேண்டும், அதற்கு இரண்டு பட்டைகளை இணைக்கும் ஒரு ஜம்பர் கம்பி. ரெசிஸ்டர்களைப் பட்டைகளுக்குக் குறுக்கே வைத்தால், அவையே ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் பாலமாகிவிடும்.

முதல் வரைபடம் அகலமாகத்தான் வரும். பரவாயில்லை, இரண்டு மூன்று முறை திரும்ப வரையுங்கள். துளைகளின் இடைவெளி 2.54 மி.மீ. என்பதால் தாளில் கட்டங்களை எண்ணினாலே போதும்.

அப்புறம், வெட்டும்போது போர்டைத் திருப்புவீர்கள், இடம் வலமாகிவிடும். நான் பலமுறை தவறான துளையில் வெட்டியது இதனால்தான். மேல்பக்கத்திலிருந்து அந்தத் துளையில் ஒரு ஊசியைச் செருகி, அடியில் அது எட்டிப்பார்க்கும் இடத்தில் மார்க்கரால் குறித்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய இடத்தை மல்டிமீட்டரால் சோதித்த பிறகே சால்டரிங்.